சின்னம்மைக்குப் பிறகு முகத்தில் சீழ்: கல்ச்சர் ரிப்போர்ட்டில் இல்லாத மருந்தை டாக்டர் ஏன் எழுதினார்?

நீங்கள் சொன்னதைச் சுருக்கிக்கொள்கிறேன். 24 வயதுத் தங்கைக்குச் சின்னம்மை. கொப்புளங்கள் காய்ந்துவரும் நேரத்தில் மூக்கை ஒட்டிய ஒன்று மட்டும் சீழ் கோத்து, கன்னம் சிவந்து வீங்கிவிட்டது. சீழை எடுத்து கல்ச்சருக்கு (ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்ப்பது) அனுப்பியதில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா வளர்ந்திருக்கிறது. ரிப்போர்ட்டில் பென்சிலினும் எரித்ரோமைசினும் 'ஆர்', அதாவது பாக்டீரியா அவற்றை எதிர்த்து நிற்கிறது. கிளிண்டாமைசினுக்கு எண் 0.25 என்று குறைவாக இருந்தும் அதுவும் 'ஆர்'. செஃபாக்சிட்டின் ஸ்கிரீன் நெகட்டிவ். ஜென்டாமைசின் 0.5, வான்கோமைசின் 1, லினசோலிட் 2, கோட்ரைமாக்சசோல் 10, நான்கும் 'எஸ்', அதாவது பாக்டீரியா இவற்றுக்குக் கட்டுப்படும். டாக்டர் எழுதியதோ பட்டியலிலேயே இல்லாத செஃபலெக்ஸின். "இந்த மருந்து சரியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: டெஸ்ட் செய்யாத மருந்தை எதை நம்பிக் கொடுக்கிறார்கள், எண் குறைவான மருந்துதானே பலமானது, கிளிண்டாமைசின் வரி அச்சுப்பிழையா.

நான் நோயாளியைப் பார்க்கவில்லை. இத்தகைய ரிப்போர்ட்டுகளைப் படித்துச் சரிபார்த்துக் கையெழுத்திடுவது என் தொழில் என்பதால், தாளில் இருப்பதன் பொருளை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். அந்த அளவில் பதில்: செஃபலெக்ஸின் பொருத்தமான தேர்வு. ரிப்போர்ட்டுக்கு எதிராக அதை எழுதவில்லை, ரிப்போர்ட்டைச் சரியாகப் படித்துத்தான் எழுதியிருக்கிறார்.

அதை விளக்குவதற்கு முன், ரிப்போர்ட்டைவிட அவசரமான ஒன்று. மூக்கு, மேலுதடு, அதை ஒட்டிய கன்னம் ஆகிய பகுதியின் ரத்தக்குழாய்கள் கண்குழி வழியாக மூளையின் அடியில் உள்ள கேவர்னஸ் சைனஸ் என்ற பெரிய சிரைப்பையோடு தொடர்புடையவை. இங்கே தொற்று ஏறினால் அந்தச் சிரையில் ரத்தம் உறைந்துபோகலாம். அரிதுதான், ஆனால் வந்தால் உயிருக்கு ஆபத்து, அதற்குக் காரணமாகும் பாக்டீரியாக்களில் முதலிடத்தில் இருப்பது ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ். ஆகவே சீழைப் பிதுக்கவே கூடாது. கண்ணிமை வீங்கி மூடிக்கொள்வது, கண்ணை அசைத்தால் வலி, இரட்டைப் பார்வை, பார்வை மங்கல், விழி முன்தள்ளுவது, கடும் தலைவலி, வாந்தி, மயக்க நிலை, நடுக்கத்தோடு காய்ச்சல், வெளியே தெரியும் சிவப்பைவிடப் பல மடங்கு அதிகமான வலி, தோல் கருத்துப்போவது இவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த வேளை மாத்திரைக்குக் காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குப் போங்கள். பெரியவர்களுக்கு வரும் சின்னம்மையில் இருமலும் மூச்சுத்திணறலும் சேர்ந்தால் அது நுரையீரலைத் தொட்டிருக்கலாம். அதற்கும் இதே அவசரம்தான்.

வைரஸ் நோயை அடுத்து இந்தத் தொற்று ஏன் வருகிறது? சின்னம்மைக் கொப்புளம் உடைந்த இடத்தில் தோலின் தடுப்புச்சுவர் இல்லை. ஏறக்குறைய பத்தில் மூன்று பேரின் மூக்குக்குள் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கிறது. மூக்கைத் தொட்ட விரலால் கொப்புளத்தைச் சொறிந்தால் போதும். இதே வழியில் வரும் இன்னொரு பாக்டீரியா ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ். தோலில் உள்ள தொற்று என்றால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று, அல்லது இரண்டும். சின்னம்மைக்குப் பின் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று சிலருக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, திசுக்களின் ஆழத்துக்குப் பரவும் கடுமையான நோயாக மாறுவது நன்றாகத் தெரிந்த விஷயம். இறங்கிய காய்ச்சல் திரும்ப ஏறினாலோ, மற்றவை காய்ந்துகொண்டிருக்க ஒரு கொப்புளம் மட்டும் பெரிதாகிச் சூடாகி வலித்தாலோ பாக்டீரியா சேர்ந்துவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். ஜலதோஷத்தைத் தொடர்ந்து சைனஸில் சீழ் பிடித்து அதனால் கன்னமோ கண்ணிமையோ வீங்கினால் கதை வேறு. அங்கே நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சே, மொராக்செல்லா ஆகியவை முன்னால் வந்துவிடும், மருந்தும் மாறும். பல்லின் வேரிலிருந்து கிளம்பிய வீக்கத்தில் காற்றில்லாமல் வளரும் பாக்டீரியாக்கள் கலந்திருக்கும். 'முகத்தில் வீக்கம்' என்ற ஒரே பெயருக்குப் பின்னால் இத்தனை வேறுபாடு இருப்பதால், இன்னொருவருக்கு எழுதிய மருந்தை இவருக்குக் கொடுக்கக்கூடாது.

இனி முதல் கேள்வி. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸுக்கு எதிரான பென்சிலின் குடும்பத்து மருந்துகளை ஒவ்வொன்றாக ஆய்வகம் டெஸ்ட் செய்வதில்லை, செய்யவும் தேவையில்லை. இரண்டே இரண்டு விடைகள் தெரிந்தால் குடும்பம் முழுவதையும் கணித்துவிடலாம். முதலாவது, பென்சிலினைச் சிதைக்கும் பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதியை இந்த பாக்டீரியா சுரக்கிறதா என்பது. இன்று கிடைக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸில் பெரும்பாலானவை சுரக்கின்றன. அதனால்தான் பென்சிலின் 'ஆர்', அதோடு சேர்ந்து ஆம்பிசிலினும் தனி அமாக்சிசிலினும் வீண். இரண்டாவது, மெக்-ஏ என்ற மரபணு இருக்கிறதா என்பது. அது இருந்தால் பாக்டீரியா தன் சுவரைக் கட்டும் புரதத்தையே மாற்றிக்கொண்டு விடுகிறது, மருந்து ஒட்ட இடமில்லாமல் போகிறது. அதைத்தான் எம்ஆர்எஸ்ஏ என்கிறோம். 1961-இல் இங்கிலாந்தில் முதன்முதலாக அறிவிக்கப்பட்டது. அந்த மரபணு இருக்கிறதா என்று வேவு பார்க்கவே செஃபாக்சிட்டினை வைக்கிறார்கள். மருந்தாகக் கொடுப்பதற்காக இல்லை. மற்ற பீட்டா-லாக்டம் மருந்துகளைவிட (பென்சிலினும் அதன் உறவினரான செஃபலோஸ்போரின்களும் சேர்ந்த குடும்பம்) அது இந்த எதிர்ப்பை நன்றாகத் தூண்டி வெளியே கொண்டுவந்து காட்டும். வட்டு முறையில் (பாக்டீரியா பரப்பிய தட்டில் மருந்து தோய்த்த வட்டை வைத்துப் பார்ப்பது) என்றால் 30 மைக்ரோகிராம் செஃபாக்சிட்டின் வட்டைச் சுற்றி 22 மி.மீ. அல்லது அதற்கு மேல் தெளிந்த வளையம் இருந்தால் எம்ஆர்எஸ்ஏ இல்லை. உங்கள் ரிப்போர்ட் எந்திரம் செய்தது, அதனால் 'ஸ்கிரீன் நெகட்டிவ்' என்று அச்சாகியிருக்கிறது. பொருள் ஒன்றுதான்.

ஆக அந்த ஒரு வரி சொல்வது இது: கிளாக்சாசிலின், ஃப்ளூக்ளாக்சாசிலின், செஃபசோலின், செஃபலெக்ஸின், செஃப்யூராக்சிம், அமாக்சிசிலினும் கிளாவுலனேட்டும் சேர்ந்த மாத்திரை, எல்லாமே இதன்மேல் வேலை செய்யும். பட்டியலில் பெயர் இல்லை என்பதால் டெஸ்டில் தேறவில்லை என்று ஆகாது. மறுபக்கம், செஃபாக்சிட்டின் 'ஆர்' என்று வந்திருந்தால் செஃப்டரோலின் போன்ற ஓரிரு புது மருந்துகளைத் தவிர இந்தக் குடும்பம் மொத்தமும் அடிபட்டுப்போகும். அதே தாளில் தவறுதலாக செஃபலெக்ஸினுக்கு 'எஸ்' என்று அச்சாகியிருந்தாலும் நம்பக்கூடாது.

இங்கே ஒரு எச்சரிக்கை, ஏனெனில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. செஃபலோஸ்போரின் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்து செஃபிக்சிமை வாங்கிப் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. அது 'மூன்றாம் தலைமுறை' என்பதால் இன்னும் பலமானது என்ற எண்ணம் வேறு. தலைமுறை ஏற ஏற சில குடல் பாக்டீரியாக்கள்மீது பிடி கூடுகிறதே தவிர, ஸ்டாஃபிலோகாக்கஸ்மீது செஃபிக்சிமின் பிடி மிகவும் பலவீனம். செஃபாக்சிட்டின் விடையை வைத்து அதைக் கணிக்கக்கூடாது என்று தர நிர்ணய அமைப்பான யூகாஸ்ட் விதிவிலக்காகவே சொல்லியிருக்கிறது. முதல் தலைமுறையைச் சேர்ந்த செஃபலெக்ஸின் இந்த இடத்தில் அதைவிட எவ்வளவோ மேல்.

இரண்டாவது, எண்கள். எம்ஐசி என்பது ஆய்வகத்துக் கரைசலில் பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கத் தேவைப்பட்ட மிகக் குறைந்த மருந்தளவு, மில்லிலிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று. 'எஸ்' போடுவதற்கான எல்லை ஒவ்வொரு மருந்துக்கும் வேறு. அமெரிக்காவின் சிஎல்எஸ்ஐ அளவுகோலில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸுக்கு வான்கோமைசினின் எல்லை 2, லினசோலிடுக்கு 4. கோட்ரைமாக்சசோலில் இரண்டு மருந்துகள் 1-க்கு 19 என்ற விகிதத்தில் இருப்பதால், 2-உம் 38-உம் எல்லை. சில எந்திரங்கள் இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக அச்சிடுகின்றன, அப்போது எல்லை 40. உங்கள் தாளில் உள்ள 10 பெரிய எண்ணாகத் தெரிவதற்கு அதுவே காரணம், உண்மையில் அது எல்லைக்கு வெகு கீழே. ஒரு மருந்தின் எண்ணை அதே மருந்தின் எல்லையோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். ஜென்டாமைசினின் 0.5-ஐ லினசோலிடின் 2-உடன் ஒப்பிட்டு 'நான்கு மடங்கு பலம்' என்று சொல்வதில் பொருளே இல்லை. இரண்டும் ரத்தத்தில் எட்டும் அளவு வேறு, திசுவுக்குள் போகும் விதம் வேறு, கொடுக்கும் வேளை வேறு.

ஜென்டாமைசினையே பாருங்கள். தாளில் 'எஸ்', எண்ணும் மிகக் குறைவு. ஆனால் சீழ் அமிலத்தன்மையும் ஆக்சிஜன் பற்றாக்குறையும் கொண்டது. அந்தச் சூழலில் இந்த மருந்து பெரும்பாலும் செயலிழந்துவிடும், பாக்டீரியாவுக்குள் நுழையவே அதற்கு ஆக்சிஜன் தேவை. சிறுநீரகத்துக்கும் காதுக்கும் கேடு செய்யக்கூடியது என்பது தனி. வான்கோமைசின் கடுமையான எம்ஆர்எஸ்ஏ தொற்றுக்கான ஊசி மருந்து. வாய்வழி கொடுத்தால் குடலிலிருந்து ரத்தத்துக்கு ஏறாது, முகத்துக்குப் போய்ச்சேராது. ஊசியாகவே போட்டாலும், எம்ஆர்எஸ்ஏ அல்லாத ஸ்டாஃபிலோகாக்கஸை அது பீட்டா-லாக்டம் மருந்துகளைவிட மெதுவாகத்தான் கொல்லும். ரத்தத்தில் பரவிய தொற்றுகளில் அதன் பலன் அவற்றைவிடக் குறைவு என்பதும் தெரிந்ததே. இந்த இடத்தில் 'பெரிய மருந்து' என்பது மோசமான மருந்து. ரிஃபாம்பிசின் 'எஸ்' என்று இருந்தாலும் தனியாகக் கொடுக்கவே கூடாது, ஒரே ஒரு மரபணு மாற்றத்தில் பாக்டீரியா அதைத் தாண்டிவிடும். சிப்ரோஃப்ளாக்சசினும் ஸ்டாஃபிலோகாக்கஸுக்கு நம்பகமானதல்ல. லினசோலிட் நல்ல மருந்து, மாத்திரையாகவே முழுதாக உடலில் ஏறும். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் அது கடைசிக் கையிருப்பில் உள்ளது, செஃபலெக்ஸின் முதலில் எடுக்க வேண்டிய வரிசையில் உள்ளது. எளிய மருந்து போதும் என்ற இடத்தில் அதை எடுத்துவிட்டால் எம்ஆர்எஸ்ஏ வந்த நாளில் கையில் ஒன்றும் இருக்காது.

மூன்றாவது கேள்வி நல்ல கேள்வி, கவனித்ததற்காகவே பாராட்ட வேண்டும். 0.25 என்ற எண்ணின்படி கிளிண்டாமைசின் 'எஸ்' ஆக வேண்டும், தாளில் 'ஆர்'. இது அச்சுப்பிழை இல்லை. எர்ம் என்ற மரபணு உள்ள பாக்டீரியா, புரதம் தயாரிக்கும் தன் ரைபோசோமில் மருந்து ஒட்டும் இடத்தை மாற்றிக்கொள்ளும் திறனை ஒளித்துவைத்திருக்கும். கிளிண்டாமைசின் மட்டும் எதிரே இருந்தால் அந்தத் திறன் விழித்துக்கொள்ளாது. எரித்ரோமைசின் அருகில் இருந்தால் விழித்துக்கொள்ளும். வட்டு முறையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். தட்டு முழுவதும் பாக்டீரியா பாய் விரித்ததுபோல் படர்ந்திருக்கும். நடுவில் 15 மைக்ரோகிராம் எரித்ரோமைசின் வட்டு, அதிலிருந்து 15 முதல் 26 மி.மீ. தள்ளி 2 மைக்ரோகிராம் கிளிண்டாமைசின் வட்டு. எரித்ரோமைசினைச் சுற்றி வளையம் இருக்காது, பாக்டீரியா வட்டின் விளிம்புவரை வளர்ந்திருக்கும். கிளிண்டாமைசினைச் சுற்றி அகலமான தெளிந்த வளையம் இருக்கும், ஆனால் எரித்ரோமைசின் பக்கம் திரும்பிய விளிம்பு மட்டும் வளையாமல் நேர்கோடாகத் தட்டையாகியிருக்கும். பார்வைக்கு ஆங்கில 'டி' எழுத்து, அதனாலேயே அது டி டெஸ்ட். எந்திரத்தில் இதற்குப் பதிலாக இரண்டு மருந்தும் கலந்த ஒரு குழி இருக்கும். தனி கிளிண்டாமைசின் குழியில் வளராத பாக்டீரியா கலப்புக் குழியில் வளர்ந்தால் 'பாசிட்டிவ்'. உங்கள் தாளில் வேறெங்காவது 'தூண்டப்படும் கிளிண்டாமைசின் எதிர்ப்பு: பாசிட்டிவ்' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும், தேடிப்பாருங்கள். சிகிச்சை நடுவிலேயே முழு எதிர்ப்புள்ள வாரிசுகள் கிளம்பும் என்பதால்தான் எண்ணை ஒதுக்கிவிட்டு 'ஆர்' போடுகிறோம். இப்படிப்பட்ட பாக்டீரியா இருந்தும் கிளிண்டாமைசினில் குணமான நோயாளிகள் உண்டு. யாருக்குத் தோற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, வேறு நல்ல மருந்து இருக்கும்போது அந்தப் பரீட்சை முகத்தில் வேண்டாம்.

ரிப்போர்ட் எவ்வளவு நம்பகமானது என்பது சீழ் எடுத்த விதத்தைப் பொறுத்தது. இதைத்தான் நோயாளிகள் யாரும் கேட்பதில்லை. பொருக்கின் மேல் பஞ்சுக்குச்சியைத் தடவி எடுத்தால் தோலில் குடியிருக்கும் எதுவும் வளரும். கோயாகுலேஸ் நெகட்டிவ் ஸ்டாஃபிலோகாக்கஸ் (தோலில் சாதாரணமாகக் குடியிருக்கும் வகை) என்று வந்தால் முகத்துப் புண்ணில் அது பெரும்பாலும் கலப்படம், நோய்க்காரணம் அல்ல. சரியான முறை, சுற்றுப்புறத்தைச் சுத்தம் செய்து, பொருக்கை ஸலைனில் நனைத்து அகற்றி, அடியில் உள்ள புதுச் சீழை எடுப்பது. கட்டியாக இருந்தால் ஊசியால் உறிஞ்சி எடுப்பது இன்னும் நல்லது. ஆன்டிபயாடிக் முதல் வேளைக்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். தாளில் கிராம் ஸ்டெயின் (சீழுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது) வரியையும் பாருங்கள். சீழ்ச்செல்கள் நிறைய, கொத்துக்கொத்தான கிராம் பாசிட்டிவ் கோளங்கள் என்றிருந்தால் வளர்ந்ததும் பார்த்ததும் ஒத்துப்போகிறது, ரிப்போர்ட்டை நம்பலாம். தோல்செல்களே நிறைய, சீழ்ச்செல் இல்லை என்றிருந்தால் அந்த விடையின் மதிப்பு குறைவு. கொத்தோடு சங்கிலிக் கோளங்களும் தெரிந்து கல்ச்சரில் ஸ்டாஃபிலோகாக்கஸ் மட்டும் வளர்ந்திருந்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸும் உள்ளே இருக்கிறது என்றே வைத்துக்கொள்வேன். வேகமாக வளரும் ஸ்டாஃபிலோகாக்கஸ் அதை மறைத்துவிடும். சீழே இல்லாமல் சிவந்து வீங்கிய செல்லுலைட்டிஸில் (தோலின் ஆழத்தில் பரவும் தொற்று) மேல்தோலைத் தடவி அனுப்புவதால் பயனில்லை.

செஃபலெக்ஸினின் இன்னொரு நன்மை இங்கே தெரியும், அது ஸ்ட்ரெப்டோகாக்கஸையும் சேர்த்துப் பிடிக்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ் எத்தனையோ ஆண்டுகள் பென்சிலினைச் சந்தித்தும், சிகிச்சையைத் தோற்கடிக்கும் அளவு எதிர்ப்பை இன்னும் பெறவில்லை. பென்சிலின் பிணையும் புரதத்தில் சிறு மாற்றம் கொண்டவை சில இடங்களில் கண்டறியப்பட்டிருக்கின்றன, அவ்வளவே. எரித்ரோமைசின், அசித்ரோமைசின் விஷயத்தில் அப்படியில்லை, எதிர்ப்பு பரவலாக உண்டு. கோட்ரைமாக்சசோல் ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு உதவாது என்று நெடுநாள் சொல்லிவந்தோம். டெஸ்ட் தட்டில் உள்ள தைமிடின் என்ற பொருள் விடையைக் கெடுத்ததும் அதற்கு ஒரு காரணம் என்று பின்னர் தெரிந்தது. ஆஸ்திரேலியாவில் குழந்தைகளின் இம்பெடைகோவில் (தோலின் மேற்பரப்பில் வரும் பொருக்குப் புண்) நடந்த ஆய்வில் அது பென்சிலின் ஊசிக்கு ஈடாக வேலை செய்தது. கன்னத்தில் ஆழமாகப் பரவிய செல்லுலைட்டிஸுக்கு அந்த விடையை அப்படியே நீட்டலாமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு.

'எஸ்' என்றால் குணமாகும், 'ஆர்' என்றால் குணமாகாது என்பதும் முழு உண்மை இல்லை. எங்கள் துறையில் 90–60 என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு: 'எஸ்' மருந்தில் ஏறக்குறைய 90 சதவீதம் பேரும், 'ஆர்' மருந்தில்கூட ஏறக்குறைய 60 சதவீதம் பேரும் தேறுகிறார்கள். உடலின் எதிர்ப்புசக்தியும் சீழ் வெளியேறியதும் பாதி வேலையைச் செய்துவிடுகின்றன. எதிர்ப்பக்கம், 'எஸ்' மருந்து சாப்பிட்டும் வீக்கம் குறையாவிட்டால் முதல் சந்தேகம் பாக்டீரியாமீது இல்லை, உள்ளே தேங்கிய சீழ்மீதுதான். கட்டிக்குள் ரத்த ஓட்டம் இல்லை, மருந்து போதிய அளவு போய்ச்சேராது. கீறி வடித்தால்தான் இறங்கும். வடிக்க வேண்டிய கட்டியை வடிக்காமல் மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டே போவது இத்தகைய சிகிச்சையில் நான் பார்க்கும் பொதுவான பிழை. முகத்தில், அதுவும் மூக்கருகே, கீறுவது பழகிய கை செய்ய வேண்டிய வேலை. வீட்டில் ஊசியால் குத்துவது அல்ல.

மருந்து சாப்பிடும் முறையிலும் ஒரு நுணுக்கம். செஃபலெக்ஸின் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் ஆகும். இந்தக் குடும்பத்து மருந்துகள் எத்தனை உச்சத்துக்குப் போகின்றன என்பதைவிட, எத்தனை நேரம் எம்ஐசிக்கு மேலே நிற்கின்றன என்பதே முக்கியம். அதனால்தான் பெரியவர்களுக்கு வழக்கமாக 500 மி.கி. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதுகிறார்கள். டாக்டர் எழுதிய வேளைகளைச் சுருக்கிக் காலை, இரவு என்று இரண்டாக்கிக்கொண்டால், ரிப்போர்ட்டில் 'எஸ்' இருந்தும் மருந்து தோற்கலாம். சாப்பாட்டோடு எடுக்கலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு குறையும், அதை டாக்டரிடம் சொல்லுங்கள். அமாக்சிசிலின் அல்லது ஆம்பிசிலினால் முன்பு மூச்சுத்திணறல், உதடு வீக்கம் வந்திருந்தால் இதைத் தொடங்கும் முன்பே சொல்லியாக வேண்டும். செஃபலெக்ஸினின் பக்கச்சங்கிலி அவற்றோடு ஒத்தது, ஒவ்வாமை தாண்டி வரலாம். தொண்டைவலியோடு வரும் எப்ஸ்டீன்-பார் வைரஸ் காய்ச்சலின்போது அமாக்சிசிலின் சாப்பிட்டுத் தடிப்பு வந்ததை மட்டும் வைத்து வாழ்நாள் ஒவ்வாமை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அந்தத் தடிப்பு பெரும்பாலும் உண்மையான ஒவ்வாமை அல்ல.

எத்தனை நாள் என்பதில் எல்லாரும் ஒரே எண்ணைச் சொல்வதில்லை. மேலோட்டமான இம்பெடைகோ என்றால் 7 நாள் மாத்திரை, ஓரிரு புண்கள் மட்டும் என்றால் 2 சதவீத முபிரோசின் களிம்பு 5 நாள் என்பது பரவலாக ஏற்கப்பட்டது. செல்லுலைட்டிஸில் நன்றாக இறங்கினால் 5 நாள் போதும், இறங்காவிட்டால் நீட்டிக்க வேண்டும். முகத்தில் டாக்டர்கள் கொஞ்சம் கூடுதலாகவே கொடுப்பார்கள், அதில் தவறு காண மாட்டேன். களிம்பைப் பற்றி ஒரு சொல்: ரிப்போர்ட்டின் 'எஸ்', 'ஆர்' எல்லைகள் ரத்தத்தில் எட்டும் அளவை வைத்து வகுத்தவை. 2 சதவீதக் களிம்பில் ஒரு கிராமுக்கு 20,000 மைக்ரோகிராம் மருந்து இருக்கிறது, அங்கே அந்த எல்லைகளை அப்படியே பொருத்த முடியாது. இப்போது உள்ள கன்ன வீக்கத்துக்குக் களிம்பு மட்டும் போதாது.

காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் கொடுங்கள். சின்னம்மையின்போது இபுப்ரூஃபன் சாப்பிட்டவர்களிடம் கடும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று அதிகம் தென்பட்டதாக ஆய்வுகள் உள்ளன. மருந்துதான் காரணமா, அல்லது ஏற்கனவே நோய் முற்றியவர்கள் அதை அதிகம் சாப்பிட்டார்களா என்பது தீராத விவாதம். மாற்று மருந்து இருக்கும்போது அந்த ஆபத்தை ஏற்கத் தேவையில்லை. வீட்டில் குழந்தைகளுக்கும் அம்மை வந்தால் ஆஸ்பிரின் கூடவே கூடாது. ரை சிண்ட்ரோம் என்ற கல்லீரல், மூளைப் பாதிப்பு வரலாம், இதில் விவாதமில்லை. முகத்தின் ஒரே பக்கத்தில் மட்டும் எரிச்சலோடு கொப்புளங்கள் கூட்டமாக வந்து, மூக்கு நுனியிலும் தெரிந்தால் அது அக்கியாக இருக்கலாம். கண்ணைத் தொடும் வாய்ப்பு உண்டு, உடனே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வைரஸின்மேல் ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது.

இப்போது செய்ய வேண்டியது: சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் மெல்லக் கோடிட்டு, பக்கத்தில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் 24 மணி நேரத்தில் சிவப்பு சற்றுப் பரவுவது மருந்து வேலை செய்யும்போதும் நடக்கலாம், பாக்டீரியா சாகும்போது வெளிவரும் பொருட்களே காரணம். காய்ச்சலும் வலியும் குறைந்துகொண்டிருந்தால் அதற்கு அஞ்ச வேண்டாம். 48 மணி நேரம் கழிந்தும் கோட்டைத் தாண்டிப் போனாலோ, நடுவில் மெத்தென்று சீழ் தேங்கியது போலத் தெரிந்தாலோ திரும்பவும் டாக்டரிடம் போங்கள். எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டியிராவிட்டால் சின்னம்மை என்று முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். காத்திருக்கும் இடத்தில் கர்ப்பிணிகள் இருக்கக்கூடும். ஒவ்வாமை காரணமாகவோ வேறு காரணத்தாலோ மருந்தை மாற்ற நேர்ந்து, டாக்டருக்கு டாக்சிசைக்ளின் போன்ற இன்னொரு மருந்தின் விடையும் தேவைப்பட்டால் அதை ஆய்வகத்திடம் சீக்கிரம் கேட்கச் சொல்லுங்கள். வளர்த்த பாக்டீரியாவைச் சில நாட்கள் மட்டுமே வைத்திருப்பார்கள். அது இருக்கும்வரை கூடுதல் டெஸ்ட் ஒரே நாளில் முடியும், அழித்துவிட்டால் சீழ் எடுப்பதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அதற்குள் ஆன்டிபயாடிக் உடலில் ஏறியிருப்பதால் அந்த இரண்டாவது சீழில் எதுவும் வளராமலே போகலாம்.